ஸ்காலர்ஷிப் கொடுத்தாயிற்றே, அப்புறம் சம்பளம் எதற்கு?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 8

அமெரிக்கக் கல்லூரிகள் இனிமேல் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டதாம். நம் பிள்ளைகள் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி அங்கே போய்ப் படிக்கிறார்கள். இவர்களுக்குப் படிப்பு இலவசம், அறை இலவசம், சாப்பாடு இலவசம். இதற்கு மேல் சம்பளம் வேறா? பந்து விளையாடவா பல்கலைக்கழகம்?

ஜூன் 8, இரவு

பதினாறு வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். இன்னும் கோபமாக.

2009-ல் நடுமேற்கில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்கப் போனேன். எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். தட்டுக் கழுவும் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவனுக்கு விளையாட்டுத் துறையின் படிப்பு மையத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. மணிக்கு 10 டாலர். ராஜ வாழ்க்கை.

எனக்கு ஒதுக்கிய பையன் ஃபுட்பால் ஆடுபவன். நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்வது. அவன் உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வருவான். முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருப்பான். நான் நிகழ்தகவு நடத்தி முடிப்பதற்குள் அது உருகி, தரையில் விரித்திருந்த கார்ப்பெட்டில் சொட்டும். விடியற்காலை ஐந்தரைக்கு எடை தூக்கும் பயிற்சி, பிறகு வகுப்பு, மதியம் எதிரணி வீடியோ பார்க்கும் கூட்டம், பிறகு மைதானம், கடைசியில் நான். பாதியில் தூங்கிவிடுவான். எழுப்பப் பயமாக இருக்கும்.

ஒருநாள் பசிக்கிறது என்றான். பையில் அம்மா அனுப்பிய முறுக்கு இருந்தது, கொடுத்தேன். நாலு தின்றான். மறுநாள் மேற்பார்வையாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாப்பாடு கொடுக்கக் கூடாது, காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, பேனா கொடுத்தால்கூடத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று வேலையில் சேரும்போதே சொல்லியிருந்தார்கள். மீறினால் அவன் ஆடும் தகுதிக்கே ஆபத்து வருமாம். முறுக்குக்கா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவனுடைய எண் போட்ட ஜெர்சி வளாகக் கடையில் தொங்கும். முதுகில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. சொல்லிக்கொடுத்த எனக்குக் கூலி உண்டு. ஜெர்சி விற்ற கடைப் பையனுக்கும் உண்டு.

ஜூன் 9

இலவசம் இலவசம் என்கிறீர்கள், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முழு ஸ்காலர்ஷிப் என்பது ஃபுட்பால், பாஸ்கெட்பால் மாதிரி சில விளையாட்டுகளுக்குத்தான். போன வருடம் வரைக்கும் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில், அதிலும் மேல்தட்டில், ஃபுட்பால் அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். ஆண்கள் நீச்சல் அணி முழுவதற்கும் 9.9. பேஸ்பாலுக்கு 11.7. புள்ளி வைத்த எண்ணைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். அந்த 9.9-ஐ இருபது முப்பது பேருக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு, சிலருக்கு வெறும் டி-ஷர்ட்.

இன்னொன்று, 1973-லிருந்து 2012 வரை ஸ்காலர்ஷிப்பை ஒவ்வோர் ஆண்டுக்கும்தான் கொடுக்கலாம் என்பது விதி. நாலு வருடப் படிப்பு, ஒரு வருட வாக்குறுதி. கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார். கோச்சுக்கு மட்டும் ஐந்து வருடம், ஏழு வருடம், பத்து வருடம் ஒப்பந்தம். என் ஃபுட்பால் பையன் புள்ளியியலில் ஃபெயில் ஆவதைவிட முழங்காலுக்குப் பயந்ததன் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

ஜூன் 9, பின்னிரவு

சாப்பாடு இலவசம் என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து விதிப்படி பயிற்சி முடிந்ததும் வீரனுக்கு பேகல் ரொட்டி கொடுக்கலாம். அதில் க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், கூடாது. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரி பசியோடு படுக்கப் போகிறேன் என்று பத்திரிகையாளர்களிடமே சொன்னார். அந்த வருடம் தேசிய சாம்பியன் ஆன அணியின் நட்சத்திரம் அவர். சொன்ன சில நாட்களிலேயே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் க்ரீம் சீஸ்தான் காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் விளையாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது!

ஜூன் 12

“படிக்க வந்தவர்கள்தானே, தொழிலாளிகளா என்ன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாதத்துக்குப் பிறந்தநாளே உண்டு.

1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளி வேலையில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை மனைவி கேட்டார். 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம், கல்லூரி ஒன்றும் ஃபுட்பாலைத் தொழிலாக நடத்தவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகள் வரும் என்ற பயத்தில்தான் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு ‘ஸ்டூடண்ட் அத்லெட்’ என்ற சொல்லை உண்டாக்கி எல்லா விதிகளிலும் நுழைத்தது. இதைச் சொன்னவர் எதிரி இல்லை. 1951-லிருந்து 1988 வரை அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ். ஓய்வுபெற்ற பிறகு தன் நூலில் அவரே எழுதினார். தான் கட்டிய ஏற்பாடு வீரர்களைச் சுரண்டுகிறது என்றும் சொன்னார். முப்பத்தேழு வருடம் நாற்காலியில் இருந்தபோது வராத ஞானம் பென்ஷனில் வந்தது. அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்தச் சொல்லை நானும் தினம் சொன்னவன்தான். என் சம்பளச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

ஜூன் 15

பணம் எங்கிருந்து வருகிறது? டிவியிலிருந்து.

1984 வரை எந்த ஆட்டத்தை டிவியில் காட்டலாம், எத்தனை தடவை காட்டலாம் என்பதை என்சிஏஏதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. ஏகபோகத்துக்கு எதிரான சட்டப்படி இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 7-2 எனத் தீர்ப்புச் சொன்னது. கல்லூரிகள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே விற்கத் தொடங்கின. அதே தீர்ப்பில், போகிற போக்கில், வீரர்களுக்குப் பணம் தரக் கூடாது என்று ஒரு வாக்கியமும் இருந்தது. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அடுத்த 37 வருடம் ஓட்டினார்கள். கல்லூரிகளுக்குச் சந்தை, பையன்களுக்கு ஒழுக்கம், இரண்டும் ஒரே தாளில்.

மார்ச் மாத பாஸ்கெட்பால் போட்டிக்கு மட்டும் 2032 வரை நீட்டித்த ஒப்பந்தம் 880 கோடி டாலர். அது நீட்டிப்புக்கு மட்டும், அதற்கு முந்தைய 14 வருட ஒப்பந்தம் 1080 கோடி. 2022-ல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஏழு வருடத்துக்குச் செய்துகொண்டது 700 கோடிக்கு மேல். பெரும்பாலான மாநிலங்களில் அரசு சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, கல்லூரி கோச்சுக்கு. 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு. ஏ.ஜே. கிரீன் என்ற ஜார்ஜியா வீரர் 2010-ல் தன் சொந்த ஜெர்சியை 1000 டாலருக்கு விற்றார், நாலு ஆட்டம் தடை. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

2021-ல் உச்ச நீதிமன்றம் விளம்பரப் பணத்துக்குக் கதவைத் திறந்ததும் எல்லாம் மாறியது.

ஜூன் 16

திருத்தம். நேற்றுக் கடைசி வரியில் இரண்டு சம்பவங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டேன். அமெரிக்கப் பத்திரிகைகளைப் படிக்கிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு, அதனால் சும்மா விடவில்லை.

2021 ஜூன் 21-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஆல்ஸ்டன் தீர்ப்பு கல்வி சம்பந்தப்பட்ட சலுகைகளைப் பற்றியது மட்டும். லேப்டாப், மேற்படிப்பு உதவி, நன்றாகப் படித்தால் வருடத்துக்கு 5,980 டாலர் வரை ஊக்கத்தொகை. ஒன்பது நீதிபதிகளும் ஒரே பக்கம். 1984-ன் அந்த ஒற்றை வாக்கியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். நீதிபதி கவானா தனியாக எழுதிய குறிப்பில் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு வட்டாரத்து ஓட்டல்காரர்கள் எல்லாம் கூடி, குறைந்த சம்பளம் வாங்குகிற சமையல்காரரின் கைப்பக்குவம்தான் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கிறது என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால் சட்டம் விடுமா என்பது அதன் சாரம்.

விளம்பரப் பணம் வேறு வழியில் வந்தது. 2019-ல் கலிஃபோர்னியா, வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. வரிசையாக மற்ற மாநிலங்களும் போட, என்சிஏஏ வேறு வழியில்லாமல் 2021 ஜூலை 1-ல் கையைத் தூக்கியது. இரண்டுக்கும் நடுவில் பத்தே நாள் என்பதால் எல்லோரும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறோம்.

ஜூன் 16, கொஞ்ச நேரம் கழித்து

பிக் டென் கூட்டமைப்பில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள். பிக் 12-ல் 16. பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருப்பது அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பில். கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ராஜினாமா செய்கிறேன். பூகோள வாத்தியாரும் செய்யலாம்.

சிரிப்பது இருக்கட்டும், டிவி பணத்துக்காகச் செய்த இந்தக் கூட்டணி மாற்றத்தில் வாலிபால் பெண்களும் ஒரு நடு வார ஆட்டத்துக்குக் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள். “படிக்க வந்தவர்கள்தானே” என்ற ஜூன் 12 நண்பர் இதற்கும் பதில் சொல்லட்டும்.

ஜூன் 21

சரி, ஆரம்பத்தில் கேட்ட தீர்ப்புக்கு வருவோம். அது உண்மையில் தீர்ப்பு இல்லை, சமரசம். நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் உள்ளிட்டோர் போட்ட வழக்கில் இரு தரப்பும் பேசி முடித்ததை ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். 2016-லிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக 280 கோடி டாலர், பத்து வருடத்தில். ஜூலை 1 முதல் ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருடத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பங்கிடலாம். “வரை” என்பதைக் கவனியுங்கள், ஒன்றும் தராமலும் இருக்கலாம். ஹார்வர்ட், யேல் எல்லாம் அடங்கிய ஐவி லீக் கல்லூரிகள் ஆரம்பத்திலேயே எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டன.

அந்த 2.05 கோடி எப்படி வந்தது? பெரிய கூட்டமைப்புக் கல்லூரிகளின் டிவி, டிக்கெட், விளம்பர வருமானங்களின் சராசரியில் 22 சதவீதம். தொழில்முறை பாஸ்கெட்பாலிலும் ஃபுட்பாலிலும் வீரர்களுக்குப் பாதிக்குப் பக்கத்தில் போகிறது. அங்கே சங்கம் உண்டு, எதிரே உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியது. இங்கே வக்கீல்கள் பேசினார்கள்.

நான் மனசு மாறியது இந்த இடத்தில்தான். ஐந்தாறு வருடம் முன்பு வரை “கொஞ்சம் பணம் கொடுத்துத் தொலையுங்களேன்” என்பதுதான் என் கட்சி. இப்போது பணம் வந்துவிட்டது. பயிற்சி எத்தனை மணிக்கு, அடிபட்டால் பத்து வருடம் கழித்து முழங்காலுக்கு வைத்தியம் யார் செலவு, யாரை அணியிலிருந்து எடுப்பது, எல்லாம் பழையபடி அவர்கள் கையில். சங்கம் வைக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் தொழிலாளிகள்தான் என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார இயக்குநர் சொன்னார். அடுத்த வருடம் தேசிய வாரியம், இதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரி பாஸ்கெட்பால் அணி 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தது. அந்த வருடத்தின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வாஷிங்டனில் ஆட்சி மாறப் போகிறது, வாரியமும் மாறும், புது வாரியத்திடம் போனால் நிரந்தரமாகக் கதவு சாத்தப்படும் என்ற கணக்கு.

ஜூன் 29

மேலே எழுதியதெல்லாம் ஒரு பக்கம். நேற்று ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன், மறுபக்கம் அங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தது.

நண்பரின் மகள் எட்டு வயதிலிருந்து நீந்துகிறாள். அம்மா தினம் நாலரைக்கு எழுந்து காரில் கொண்டுபோய் விடுவாள். கூடத்துச் சுவரில் ஆணியில் மெடல் ரிப்பன்கள், காற்றடித்தால் கலகலக்கும். ஒரு கல்லூரி அணியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஸ்காலர்ஷிப் இல்லை, இடம் மட்டும். இந்தச் சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதிலாக அணிக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. ஃபுட்பாலுக்கு 105. மற்ற விளையாட்டு அணிகளுக்கும் தனித்தனி வரம்பு. அவளுக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏற்கெனவே இப்படி வெட்டப்பட்டவர்களுக்காக நீதிபதி ஏப்ரலிலேயே சமரசத்தை நிறுத்திவைத்து, அவர்களை வரம்பில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ள வழி செய்யச் சொன்னார், செய்தார்கள். ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று கல்லூரிக்குக் கட்டாயம் இல்லை.

“உங்க ஃபுட்பால் பையனுக்கு நியாயம் கிடைச்சிருச்சு, இல்ல அங்கிள்?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளிடம் 1984 தீர்ப்பைப் பற்றி எல்லாம் பேச முடியவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் காரில் யோசித்தது: ஃபுட்பால் பணத்தில்தான் நீச்சல் குளம் ஓடுகிறது என்று இத்தனை வருடம் சொன்னார்கள். பெரிய இடங்களில் அது உண்மையும்கூட. அதாவது நீச்சல் பிள்ளைகளுக்கான செலவை, சம்பளம் வாங்காத ஃபுட்பால் பையன்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்றதும் வெட்டு நீச்சல் குளத்தில் விழுகிறது. கோச் சம்பளத்தில் விழவில்லை. அவளுக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவளுக்கு இடம் கிடைத்துவிடாது.

பழைய பாக்கிப் பணத்திலும் பெரும்பகுதி ஃபுட்பால், பாஸ்கெட்பால் ஆண்களுக்குத்தான் போகிறது. ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972-ன் கல்விச் சட்டத்து ஒன்பதாம் பிரிவுப்படி இது தவறு என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

ஜூலை 2

“நம் பிள்ளைகள்” என்று கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரிலிருந்தும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1995-ல் கல்லூரி இரட்டையர் பட்டம் வாங்கினார். சென்னையில் டென்னிஸ் கற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் ஒற்றையர் பட்டம். இன்றைக்கு அதே மாதிரி ஒரு பையன் போனால், பக்கத்து அறை அமெரிக்கப் பையன் செருப்பு விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கலாம், இவன் வாங்கினால் எஃப்-1 விசா ஆட்டம் காணும். காங்கோவிலிருந்து வந்து கெண்டக்கி பல்கலைக்கழகத்துக்கு பாஸ்கெட்பால் ஆடிய ஆஸ்கர் ஷிப்வே 2022-ல் அணியோடு பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார், அமெரிக்க மண்ணில் செய்யக் கூடாது என்பதால். சட்டத்துக்கு வழி கண்டுபிடிப்பதில் நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள்.

கட்டணக் கவலைக்கு ஒன்று. பெரிய கல்லூரிகளில் விளையாட்டுத் துறை தன் வருமானத்தில் ஓடலாம். சிறிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் கட்டணத்திலிருந்து விளையாட்டுத் துறைக்குப் பணம் போகிறது. ஆகவே கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை தரும் டாலரில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கேதான் போகிறது, வீரருக்கு ஒரு காசு சம்பளம் கொடுக்காத காலத்திலிருந்தே. சேரும் முன் கட்டணச் சீட்டில் ‘அத்லெட்டிக்ஸ் ஃபீ’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூலை 13

பழைய பையனை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். தொழில்முறை ஆட்டத்துக்கு அவனை யாரும் எடுக்கவில்லை. இப்போது இன்சூரன்ஸ் விற்கிறான், இரண்டு பிள்ளைகள். இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன் முடிந்து மூன்றாவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான், செலவு அவனுடையது. பாக்கிப் பணம் வருமா என்று கேட்டேன். அவன் ஆடியது 2016-க்கு முன்னால், அதனால் பட்டியலில் இல்லை. தெரிந்தே வைத்திருந்தான்.

ஒரு விஷயத்தில்தான் குரல் மாறியது. போன வருடம் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் திரும்பி வந்தது. அதில் வருகிற ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். அவன் காலத்து கேமிலும் அவன் இருந்தான், எண் சரி, உயரம் சரி, முழங்கால் பட்டைகூடச் சரி, பெயர் மட்டும் இல்லை. அப்படித் தன்னைத்தானே டிவியில் பார்த்துவிட்டுத்தான் முன்னாள் கல்லூரி பாஸ்கெட்பால் வீரர் எட் ஓபானன் 2009-ல் வழக்குப் போட்டார். “என் மகன் இப்போது அந்தப் பழைய கேமில் என்னை வைத்து ஆடுகிறான். நான் நன்றாகவே ஓடுகிறேன்” என்றான்.

மகன் ஃபுட்பால் ஆடுகிறானா என்று கேட்டேன். இல்லையாம், ட்ரம்பெட் வாசிக்கிறான்.

ஊர் முறுக்கு ஒரு பெட்டி அனுப்பட்டுமா என்றேன். “விதி இப்போது அனுமதிக்கிறதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பதினாறு வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறான்.

ஜூலை 14

திருத்தம். அது முறுக்கு இல்லையாம். வட்டமாக, தட்டையாக, கடலைப்பருப்பு ஒட்டிக்கொண்டு காரமாக இருந்தது என்று காலையில் செய்தி அனுப்பியிருக்கிறான். தட்டை. அம்மாவிடம் கேட்டேன், அந்த வருடம் தட்டைதான் அனுப்பினாளாம்.